ஏட்டில் ஏறாத மூச்சு
(டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் அம்மையாரின் வாழ்க்கை)



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று யூனியன் செயலாளர் மூன்று தடவை ஹாஸ்டல் அறைக்கே வந்துவிட்டார். எனக்குக் கவிதை வராது. விஸ்வேஸ்வரய்யா, ஜி.டி. நாயுடு பற்றியெல்லாம் வருஷா வருஷம் யாராவது எழுதிடறாங்க. அதனால் வெளிநாட்டு அம்மா ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். தொழிற்சாலைப் பாதுகாப்பு படித்தவர்கள் எல்லோருக்கும் அவர் பெயர் தெரியும். நம் பாடப்புத்தகத்தில் மட்டும் இல்லை.

அதற்கு முன்னால் நம்ம ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன செட்டியார்கள் கணக்கு எழுதிய விதம் உலகத்துக்கே தெரியும். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாவதற்குள் ஒருத்தன் எழுதிய நாளேடும் பேரேடும் எத்தனை! ஐந்தொகையில் கால் அணா உதைத்தால் ராத்திரி சாப்பாடு இறங்காது. கல்யாணத்துக்குக்கூட இசைகுடிமானம் என்று ஏடு எழுதி வைக்கிற சீமை இது. இப்படிப்பட்ட மண்ணில் பிறந்த எங்க சித்தப்பாவின் பதினோரு வருஷ உழைப்புக்கு ஒரு வரிகூட எங்கேயும் எழுதப்படவில்லை. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கு அதுதான் காரணம்.

சித்தப்பா வேறொரு மாவட்டத்தில் பேட்டரி பிளேட் செய்கிற பட்டறை ஒன்றில் வேலை பார்த்தார். ஊர் பெயரும் பட்டறை பெயரும் இங்கே வேண்டாம். ஈயத்தை உருக்கி வார்ப்பது, ஈயப்பொடியைக் குழைத்து பிளேட்டில் அப்புவது, காய்ந்ததைத் தேய்ப்பது, எல்லாம் ஒரே கொட்டகைக்குள்தான். முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. வயிற்றுவலி தாங்காமல் வேலையை விட்டு ஊருக்கு வந்தார். கொஞ்ச நாளில் வலது கை மணிக்கட்டு துவண்டு போச்சு. டம்ளரைப் பிடித்தால் நழுவும். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட கேள்விகள் மூன்று: என்ன வேலை, எத்தனை வருஷம், இடையில் எப்போதாவது ரத்தத்தில் ஈயம் பார்த்தார்களா? முதல் இரண்டுக்கு வாய் பதில் இருந்தது, காகிதம் இல்லை. மூன்றாவதற்கு எதுவுமே இல்லை. அதற்கு முன் காட்டிய இடத்துச் சீட்டை எடுத்துப் பார்த்தோம். தொழில் என்ற கட்டத்தில் கூலி என்று இருந்தது.

நானும் அப்பாவும் பட்டறைக்குப் போய்க் கேட்டோம். அப்படி ஒரு ஆள் மஸ்டர் ரோலில் கிடையாது, கான்ட்ராக்ட் ஆளாக இருக்கும் என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரம்தான் லைப்ரரியில் ஒரு பழைய தொழில் பாதுகாப்புப் புத்தகத்தில் ஆலிஸ் ஹாமில்டன் பெயரைப் பார்த்தேன். அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்தது கீழே.

ஆலிஸ் 1869 பிப்ரவரி 27-ல் நியூயார்க்கில் பிறந்தார், வளர்ந்தது இந்தியானா மாநிலத்தில் ஃபோர்ட் வேய்ன் என்ற ஊரில். வசதியான, புத்தகம் நிறைந்த வீடு. சிறுவயதில் படிப்பும் வீட்டிலேயே. அக்கா ஈடித் பின்னாளில் கிரேக்கப் பழங்கதைகள் எழுதிப் பேர் வாங்கியவர். ஆலிஸ் மருத்துவம் எடுத்து 1893-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். மேல்படிப்புக்கு அக்காவோடு ஜெர்மனி போனார். அங்கே பெண்கள் வகுப்பில் உட்காரலாம், ஆனால் கண்ணில் படாத மாதிரி உட்கார வேண்டும் என்பது நிபந்தனை. அதையும் சகித்துக்கொண்டு படித்துத் திரும்பினார்.

1897-ல் சிகாகோவில் பெண்கள் மருத்துவக் கல்லூரி ஒன்றில் பேராசிரியர் வேலை கிடைத்தது. தங்குவதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் ஹல் ஹவுஸ். ஜேன் ஆடம்ஸ் அம்மையார் ஏழைக் குடியேறிகள் மத்தியில் நடத்திவந்த சேவை இல்லம் அது. சுற்றிலும் இத்தாலி, கிரீஸ், போலந்து, ரஷ்யா என்று பல தேசத்திலிருந்து பிழைக்க வந்த கூலிக் குடும்பங்கள். 22 வருஷம் அந்த வீடுதான் அவருக்கு வீடு. காலையில் கல்லூரியில் பாடம், சாயங்காலம் தெருக் குழந்தைகளுக்கு வைத்தியம். அந்தக் குழந்தைகளின் அப்பாக்கள் முப்பது வயதிலேயே வெளுத்துப்போய், கை துவண்டு, இருமிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இடையில் ஒரு சம்பவம். 1902-ல் சிகாகோவில் டைஃபாய்டு காய்ச்சல் பரவியபோது, ஈக்கள்தான் காரணம் என்று ஆராய்ந்து எழுதினார். ஊரே பாராட்டியது. பிறகுதான் தெரிந்தது, குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்திருந்தது, அதைச் சுகாதார அதிகாரிகள் வெளியே சொல்லாமல் அமுக்கிவிட்டார்கள் என்று. தப்பான விடைக்குக் கிடைத்த புகழை நினைத்து அவர் பிற்காலம் வரை வெட்கப்பட்டார். சுயசரிதையில் அதை மறைக்காமல் எழுதவும் செய்தார். இந்த ஒரு விஷயத்திலேயே எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

1908-ல் இல்லினாய் மாநில கவர்னர் தொழில்வழி நோய்களைப் பற்றி ஆராய ஒரு கமிஷன் போட்டார். 1910-ல் அதன் கணக்கெடுப்புக்கு ஆலிஸ் தலைமை. இளம் டாக்டர்கள், மாணவர்கள், சமூகப் பணியாளர்கள் என்று இருபது பேருக்கு மேல் உதவிக்கு. ஈயத்தைத் தானே எடுத்துக்கொண்டார். ஈயத்தின் குணம் அவருக்குத் தெரியும். வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிற வலி, ரத்தச்சோகை, ஈறில் ஒரு நீலக்கோடு, மணிக்கட்டு தொங்கிப் போவது, முற்றினால் வலிப்பும் சித்தப் பிரமையும். நோய் தெரியும். எங்கே, எத்தனை பேருக்கு என்பதுதான் யாருக்கும் தெரியாது.

இங்கிலாந்தில் அப்படி இல்லை. 1895 முதலே ஈய நோய் கண்ட டாக்டர் அரசுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1898-ல் தாமஸ் லெக் என்ற டாக்டர் தொழிற்சாலை மருத்துவ ஆய்வாளராக வந்து அந்தத் தகவல்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தார். எந்தத் தொழிலில், எந்த வேலையில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று கணக்கு இருந்தது. கணக்கு இருந்ததால் எங்கே காற்றாடி வைக்கணும், எங்கே தண்ணீர் தெளித்துப் பொடியை அடக்கணும் என்று சொல்ல முடிந்தது. அமெரிக்காவில் கணக்கும் இல்லை, சட்டமும் இல்லை. அதையே ஆதாரமாக்கி எங்கள் நாட்டில் ஈய நோயே கிடையாது என்று முதலாளிகள் பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள். ஏடு இல்லாத ஊரில் கடனும் இல்லை என்கிற மாதிரி!

ஆலை ரிஜிஸ்டரில் இருந்தது பெயரும் கூலியும் மட்டும். உடம்பு முடியாமல் போனவன் நின்றுவிட்டவன். அவன் இடத்துக்கு அடுத்த நாளே வேறொரு ஆள். சில வேலைகளில் ஆட்கள் சில வாரங்களுக்கு மேல் நிற்பதில்லை. ஏன் நிற்பதில்லை என்று எழுத அதில் கட்டமே கிடையாது.

அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? ஆலையை விட்டு வெளியே வந்துவிட்டார். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினார். அங்கேயும் பாதியில் வேலையாள் என்று மட்டும்தான். (நான் படித்துக்கொண்டே வந்து இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கூலி என்று எழுதிய சீட்டு மேஜை மேலேயே கிடந்தது.) உடனே அந்த விலாசங்களை எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனார். மருந்துக் கடைக்காரரிடம் வயிற்றுவலி மருந்து யார் அதிகம் வாங்குகிறார்கள் என்று விசாரித்தார். பாதிரியார்களைக் கேட்டார், தொழிற்சங்கக்காரர்களைக் கேட்டார், சாராயக் கடையிலும் விசாரித்தார். மொழி தெரியாத வீடுகளில் அடுக்களைப் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தார்.

இதில் ஒரு கேஸைச் சொல்லியே ஆகணும். போலந்துக்காரர் ஒருவர் ஈயத்தால் கை முடங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். வேலை குளியல் தொட்டிக்கு எனாமல் பூசுவது. எனாமலில் ஈயம் உண்டு என்று அதுவரை அம்மையாருக்கே தெரியாது. ஆலைக்குப் போனார். சுற்றிக் காட்டினார்கள், ஈயமே இல்லை என்றார்கள், பார்த்த இடமும் சுத்தமாகத்தான் இருந்தது. திரும்ப வந்து அந்தத் தொழிலாளியிடம் சொன்னபோதுதான் விஷயம் உடைந்தது. அவர் பார்த்தது கடைசியில் குறை திருத்துகிற இடம்தானாம். உண்மையான வேலையில், இரும்புத் தொட்டி செக்கச் சிவந்து உலையிலிருந்து வரும், அதன் மேல் எனாமல் பொடியைச் சல்லடையால் தூவ வேண்டும், பொடி மேகமாக எழும்பும். பொடியில் கொஞ்சம் எடுத்துவரச் செய்து சோதித்துப் பார்த்தால், நூற்றுக்கு 20 பங்கு வரை ஈயம். நம்ம முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் அந்தக் காலத்து எனாமல் தூக்குகளும் தட்டுகளும் அடுக்கி வைத்திருப்பதை இப்போது பார்த்தால், அந்தச் சல்லடைக்குப் பின்னால் நின்ற முகம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

இல்லினாயில் மட்டும் தொழிலாளர் ஈயத்தைச் சுவாசிக்கிற செய்முறைகள் எழுபதுக்கு மேல் என்று கணக்கு வந்தது. உறுதிப்படுத்திய ஈய நோய்க் கேஸ்கள் ஐந்நூறுக்கு மேல். 1911-ல் மாநிலம் சட்டம் போட்டது. ஈயம், ஆர்சனிக், பாதரசம் மாதிரியான பொருள்களில் வேலை செய்கிறவர்களுக்கு முதலாளி செலவில் மாதா மாதம் மருத்துவப் பரிசோதனை, நோய் கண்டால் டாக்டர் எழுத்து மூலம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நோயை ஏட்டில் ஏற்றும் பொறுப்பு முதல் தடவையாக ஆலை வாசலுக்கு வந்தது.

அதற்குள் மத்திய அரசின் தொழிலாளர் துறையிலிருந்து அழைப்பு. நாடு முழுக்க ஈயத் தொழிலைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். நிபந்தனைகளைக் கேளுங்கள்: மாதச் சம்பளம் கிடையாது, அறிக்கை முடித்துக் கொடுத்தால் அதற்கு ஒரு விலை. ஆலைக்குள் நுழைய அதிகாரமும் கிடையாது, முதலாளி மனசு வைத்தால் உண்டு. நாற்பது வயது தாண்டிய, மெலிந்த, மெதுவாகப் பேசுகிற ஒரு பெண்மணி, நீளப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணி ஏறி உலைகளை எட்டிப் பார்த்தார்.

முதலில் வெள்ளை ஈயம், அதாவது பெயிண்டுக்குப் போகிற கார்பனேட். இதன் பழைய டச்சு முறையை நம்ம கெமிக்கல் பிரிவு நண்பர்கள் ரசிப்பார்கள். ஈயத் தகடுகளையும் அசிட்டிக் அமிலச் சட்டிகளையும் மரப்பட்டைத் தூளுக்குள் அடுக்கடுக்காகப் புதைத்து மூன்று மாசம் போல மூடி வைப்பார்கள். பட்டை புளித்துச் சூடும் கார்பன்-டை-ஆக்சைடும் வரும், ஈயம் மெல்ல வெள்ளைப் பொடியாகும். அப்புறம் ஆட்கள் உள்ளே போய் அடுக்கைப் பிரித்து வாரணும். வாரும்போதும், காயவைத்த பொடியை அள்ளும்போதும் அறை முழுக்க வெள்ளைப் புகை. தொழிலாளி கை கழுவாமல் சாப்பிடுவதால்தான் நோய் என்று முதலாளிகள் சொல்லிவந்தார்கள். மூச்சில் போகிற பொடிதான் பெரிய எதிரி என்று அம்மையார் காட்டினார். கை கழுவுவது தொழிலாளி பொறுப்பு என்றாலும் காற்று யார் பொறுப்பு?

சிகாகோவில் நேஷனல் லெட் கம்பெனி ஆலை. எட்வர்ட் கார்னிஷ் என்ற அதிகாரி வரவேற்றார். தன் ஆலையில் ஈய நோய் என்பதை அவர் நம்பவே இல்லை. நம்பாதது நடிப்பு இல்லை, அவருக்கு நிஜமாகவே தெரியாது. நிரூபித்தால் வேண்டியதைச் செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அம்மையார் போய்த் தேடிப் பெயர், ஆஸ்பத்திரி, நோய் விவரம் எல்லாம் சேர்த்து 22 கேஸ்களோடு திரும்பி வந்தார். கார்னிஷ் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். பொடி இழுக்கும் கூண்டுகள் வந்தன, ஆலை டாக்டர்கள் வந்தார்கள், தங்கள் மற்ற ஊர் ஆலைகளுக்கும் அதைச் செய்தார். நான் இந்த மனுஷரை வில்லனாக எழுத நினைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன், முடியவில்லை. ஆனால் ஒன்று கவனிக்கணும். பக்கத்து ஆஸ்பத்திரியில் 22 பேர் கிடந்தது கம்பெனிக்குத் தெரியவில்லை. மாத முடிவில் எத்தனை பவுண்டு ஈயம் போனது என்று கேட்டிருந்தால் அவுன்ஸ் பிசகாமல் சொல்லியிருப்பார்கள்.

அறிக்கைகளில் அம்மையார் ஆலைகளின் பெயரைப் போடுவதில்லை. முதலாளியிடம் நேரில் பேசி மாற்றுவதையே விரும்பினார். இது எனக்குச் சரியாகப் படவில்லை. கார்னிஷ் மாதிரி எத்தனை பேர் இருப்பார்கள்? அதே சமயம் உள்ளே நுழைய உரிமையே இல்லாத ஒருத்தர், பெயரை வெளியிட்டிருந்தால் அடுத்த ஆலைக் கதவு திறந்திருக்குமா என்றும் தோன்றுகிறது. இதைப் பற்றி அறை நண்பனோடு ராத்திரி ஒரு மணி வரை சண்டை போட்டிருக்கிறேன், தீரவில்லை.

முதல் உலகப்போர் வந்ததும் வெடிமருந்து ஆலைகள். எந்த ஆலை எங்கே என்பது ராணுவ ரகசியம். பிக்ரிக் அமிலத்தால் தோலும் தலைமுடியும் மஞ்சளாகிப் போன ஆட்களைப் பார்த்தும், வானத்தில் நைட்ரஜன் ஆக்சைடின் ஆரஞ்சுப் புகையைப் பார்த்தும் வழி கண்டுபிடித்துப் போனார்.

1919-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அவரை உதவிப் பேராசிரியராக எடுத்தது. அங்கே ஆசிரியரான முதல் பெண் அவர்தான். பட்டமளிப்பு ஊர்வலத்தில் வரக்கூடாது, ஆசிரியர் கிளப்பில் நுழையக்கூடாது, கால்பந்து டிக்கெட் கேட்கக்கூடாது என்று மூன்று நிபந்தனைகள். 1935-ல் ஓய்வு பெறும்போதும் அதே உதவிப் பேராசிரியர்!

1924 அக்டோபரில் நியூஜெர்சியில் பெட்ரோலில் கலக்கும் டெட்ரா எத்தில் ஈயம் தயாரித்த இடத்தில் தொழிலாளர்கள் சித்தம் கலங்கி ஐந்து பேர் இறந்தார்கள். 1925 மே மாதம் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் அம்மையார் இந்த ஈயம் வேண்டாம், வேறு பொருள் தேடுங்கள் என்று வாதாடினார். கமிட்டி போட்டார்கள், சில மாத ஆய்வில் தடை செய்யக் காரணம் இல்லை என்று வந்துவிட்டது. நீண்ட கால ஆய்வு தேவை என்ற பரிந்துரை காகிதத்தோடு நின்றது. இந்தியாவில் ஈய பெட்ரோல் ஒழிந்தது 2000-ல். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது.

அவர் 101 வயது வாழ்ந்து 1970 செப்டம்பர் 22-ல் காலமானார். மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 29-ல், அமெரிக்காவில் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கையெழுத்தானது. 1980-ல் வந்த விதிப்படி, தொழிலாளி எந்த நச்சை எவ்வளவு சுவாசித்தான் என்ற பதிவை முதலாளி 30 வருஷம் காக்க வேண்டும், மருத்துவப் பதிவை வேலைக்காலமும் அதற்கு மேல் 30 வருஷமும். தொழிலாளி கேட்டால் காட்டவும் வேண்டும்.

ஏன் 30 வருஷம்? சித்தப்பா கேஸில்தான் எனக்கு இது புரிந்தது. அவருக்கு ரத்தப் பரிசோதனை செய்தபோது ஈயம் பெரிசாக இல்லை. டாக்டர் விளக்கினார்: ரத்தத்தில் உள்ள ஈயம் ஒரு மாசத்துக்கொரு முறை பாதியாகக் குறையும், மிச்சம் எலும்பில் போய் வருஷக்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். வேலையில் இருந்தபோது எடுத்த அளவு இருந்திருந்தால் சாட்சி சொல்லும். அன்றைக்கு எழுதாததை இன்றைக்கு எழுத முடியாது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் முதல் பெயரே ஈய நச்சுதான். போபாலுக்குப் பிறகு 1987-ல் சேர்த்த 41-சி பிரிவு, நச்சுப் பொருளுக்கு ஆளாகும் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டைச் சரியாக, அன்றன்றைக்கு உள்ளபடி வைக்க வேண்டும், தொழிலாளி பார்க்கவும் வழி செய்ய வேண்டும் என்றது. வேலைக்கு எடுக்கும் முன் ஒரு பரிசோதனை, பிறகு 12 மாதத்துக்கு மிகாமல் ஒரு தடவை. காற்றில் ஈயத்துக்கு அது வைத்த எல்லை ஒரு கன மீட்டருக்கு 0.15 மில்லிகிராம். அமெரிக்காவில் 1978-லேயே 0.05 ஆக்கிவிட்டார்கள். 2025 நவம்பர் 21 முதல் 1948 சட்டத்தின் இடத்துக்குப் புதிய சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, பதிவேடு வைக்கும் கடமை அதிலும் இருக்கிறது.

நம் மாநிலத்திலேயே கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்ட பிறகு, பாதரசத்தால் உடம்பு கெட்டது என்று பழைய தொழிலாளர்கள் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள். அப்படி ஒரு பாதிப்பு இல்லை என்பது கம்பெனியின் வாதம். 2016-ல் 591 பேருக்காகச் சமரசம் ஆனது, ஆலை மூடி 15 வருஷம் கழித்து.

போன மாசம் லீவில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்த வருஷம் சேர்ந்தார், எந்த மாசம் உருக்கும் இடம், எந்த மாசம் அப்புகிற இடம், கூட வேலை பார்த்தவர் யார், முதல் வயிற்றுவலி எந்தத் தீபாவளிக்கு அடுத்து என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். பேரேடு மாதிரியே கோடு போட்டு, இடது பக்கம் தேதி, வலது பக்கம் வேலை. பதினெட்டுப் பக்கம் வந்தது. எதுக்குடா இதெல்லாம் என்று இரண்டு தடவை கேட்டார், ஆனாலும் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் கையெழுத்துக் கேட்டேன். வலது கையால் பேனா நிற்கவில்லை. இடது கைக்கு மாற்றி, எழுத்து எழுத்தாக, ரொம்ப நேரம் எடுத்துப் போட்டார்.